ஆயிரம் கிலோ சொச்சத்தில் ஒரு ஜிப்ஸி

ஜனவரி 21, கோவை

வண்டி கைக்கு வந்துவிட்டது. மாருதி ஜிப்ஸி, 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும்) எஞ்சின், படுதாக் கூரை. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்திருப்பதால் காகிதத் தொல்லை இப்போதைக்கு இல்லை. 1985-ல் வந்து 2019-ல் விற்பனை நின்ற வண்டி இது. இனி யாராவது வைத்திருந்ததைத் தேடிப்பிடித்து வாங்கினால்தான் உண்டு.

முன்பு வைத்திருந்தவர் ஆசை ஆசையாக நிறைய மாட்டியிருக்கிறார். முன்னால் கனமான இரும்பு கார்டு, அதன்மேல் வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் மோட்டார்), கூரைக்கு மேலே கேரியர், பின்னால் தகரத்தில் இழுப்பறைப் பெட்டி, நான்கு பக்கமும் 31 இன்ச் டயர். பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கிறது. ஆனால் மேம்பாலம் ஏறவே மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. வரும் வழியில் எடைமேடையில் ஏற்றினேன். 1,290 கிலோ. கம்பெனியிலிருந்து வந்தபோது 985. எஞ்சின் கொடுப்பதோ அன்றும் இன்றும் 80 குதிரைத்திறன்தான்.

இந்த வண்டி மலையில் ஏறுவதும் சேற்றிலிருந்து வெளியே வருவதும் அது லேசாக இருப்பதால்தான். மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அந்தப் பலத்திலிருந்து கழிகிறது. அதனால் என் வேலை மாட்டுவது அல்ல, கழற்றுவது.

பிப்ரவரி 3

பட்டறையில் மெக்கானிக் அண்ணாவிடம் பட்டியலைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுசாகப் படித்தார். "எல்லாரும் இதெல்லாம் போடச் சொல்லி வருவாங்க அம்மிணி. நீ கழட்டச் சொல்ற. நாளைக்கு மறுபடி வேணும்னு வந்து நிக்கப்படாது, ஆமா."

முதலில் போனது முன் கார்டு. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே இதற்குத் தடை சொல்லிவிட்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். சேஸியில் (வண்டியின் அடிச்சட்டம்) நேராக போல்ட் போட்ட இரும்பு, மோதுகிற அடியை அப்படியே சேஸிக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் கடத்தும். எதிரே நடந்து வருபவரின் கதி இன்னும் மோசம். வின்ச், கேரியர், பெட்டி எல்லாம் இறங்கின.

ரோல் கேஜை, அதாவது உள்ளே இருக்கும் இரும்புக் குழாய்க் கூண்டை, மட்டும் தொடவில்லை. படுதா வண்டி உருண்டால் தலைக்கும் தரைக்கும் நடுவே நிற்பது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 18

டயர். கம்பெனி அளவு 205/70 ஆர்15, விட்டம் கிட்டத்தட்ட 668 மில்லிமீட்டர். 31 இன்ச் என்றால் 787. சக்கரம் ஒரு சுற்றுக்கு 18 சதவீதம் கூடுதல் தூரம் உருள்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கியர் எல்லாமே அந்த அளவுக்கு நீண்டுவிடுகிறது, முதல் கியரின் இழுவை செத்துப்போகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 70-ல் போய்க்கொண்டிருக்கும். கிங்பின் பேரிங் (முன் சக்கரம் திரும்பும் அச்சில் இருப்பது), வீல் பேரிங், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் சுமை. இந்த வண்டியில் ஐம்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் கைக்குள் உதறிக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம்.

215/75 ஆர்15 ஏ.டி. (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயர் வாங்கினேன். கம்பெனி அளவைவிட ஐந்து சதவீதம்தான் பெரிது. கிங்பின் பேரிங்கையும் நக்கிள் சீலையும் அண்ணா மாற்றிவிட்டார். இப்போது எண்பதில் ஒற்றைக் கையால் பிடிக்கலாம். (பிடிக்கக் கூடாது.)

மார்ச் 10

தரைத் தகட்டில் துரு. மிதியடியைத் தூக்கியதும் கீழே சிமெண்ட் தரை தெரிந்தது. வெட்டி, தகடு வைத்து வெல்டிங், மேலே ப்ரைமர். நாள் முழுக்க அதிலேயே போயிற்று.

ஏப்ரல் 6

இன்றைய வேலை மொத்தச் செலவிலேயே மலிவானது, எனக்கு மிகவும் பிடித்ததும் கூட.

முன்னும் பின்னும் ஆக்ஸிலின் (இரு பக்கச் சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கூடு) மேல் விரல் நுனி அளவுக்கு ஒரு மூச்சுத்துளை இருக்கிறது. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கினால் எதையாவது உள்ளே இழுத்தாக வேண்டும். துளையோ சீலோ தண்ணீருக்கடியில் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். ஆக்ஸிலுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியலின் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி) ஆயில் பால் விட்ட காபி நிறத்துக்கு மாறும், அப்புறம் கியரும் பேரிங்கும் மெல்ல மெல்லத் தேயும். அண்ணா இரண்டு துளையிலும் நிப்பிள் வைத்து, ரப்பர் குழாய் மாட்டி, சேஸியை ஒட்டியே கொண்டுவந்து பானெட்டுக்குள் உயரத்தில் கட்டினார். எங்கும் உரசாமல் இருக்கிறதா என்று ஜாக்கியை ஏற்றி இறக்கி, சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வின்ச் விலையில் நூறு வண்டிக்கு இதைச் செய்யலாம்.

பின் லீஃப் ஸ்பிரிங் அடுக்கில் ஒரு பட்டையையும் எடுத்தோம். நானும் தம்பியும் மட்டும் போகிற வண்டிக்கு அவ்வளவு விறைப்பு வேண்டாம். எடைமேடையில் இப்போது 1,075.

மே 26, தாளவாடி

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் எஞ்சின் முனகவே இல்லை. காட்டுக்குள் வண்டியை விடுவது குற்றம், யானை நடமாடும் இடத்தில் அது நியாயமும் இல்லை. தோழியின் தோட்டத்தில், கோடை மழையில் ஊறிய செம்மண்ணில் ஓட்டிப் பார்த்தோம். இறங்கி முன் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) இரண்டையும் கையால் திருகிப் பூட்டி, ஃபோர் லோ (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டு, டயர் காற்றை 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கியதும் வழுக்கின இடத்திலேயே ஏறியது. தார்ச்சாலைக்கு வந்ததும் இரு சக்கர இழுவைக்கு மாற்றி, ஹப்பையும் திறந்துவிட வேண்டும். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால், நான்கு சக்கர இழுவையில், பிடிமானமுள்ள தரையில் திரும்பும்போது முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும்.

செப்டம்பர் 4, நாக்பூர்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டாயிற்று. சேலத்தில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தது முதல் எண்பதைத் தாண்டவில்லை. படுதா படபடப்பதில் தம்பியும் நானும் சைகையில்தான் பேசிக்கொள்கிறோம்.

செப்டம்பர் 10, தாபோ

நார்க்கண்டா, ராம்பூர், ரெக்காங் பியோ. தாரண்டா அருகே பாறையைக் குடைந்த சாலையில் லாரிக்கு ஒதுங்கும்போது குட்டி வண்டியின் அருமை தெரிந்தது. காப் என்ற இடத்தில் சட்லெஜ்ஜும் ஸ்பிதி ஆறும் கலக்கின்றன. அதற்கப்புறம் பச்சை என்பதே அபூர்வம். இங்கே இருக்கும் மடாலயம் 996-ல் கட்டியது. மண் சுவர்களுக்குள் அத்தனை நூற்றாண்டு ஓவியங்கள், டார்ச் இல்லாமல் கண் பழகும்வரை நின்று பார்த்தோம்.

செப்டம்பர் 12, காஜா

உயரம் 3,650 மீட்டருக்குப் பக்கம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதனால் நாளைக்கும் இங்கேதான். கேரியர் நிறைய ஜெர்ரி கேன் கட்டிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. காஜாவில் பெட்ரோல் பங்க் இருக்கிறது, மணாலி இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். எங்கள் டேங்க் 40 லிட்டர், லிட்டருக்கு எட்டே கொடுத்தாலும் போதும். 20 லிட்டர் கேன் ஒன்று 15 கிலோவுக்கு மேல் வரும், அதைக் கூரைமேல் வைத்தால் வளைவில் வண்டி சாயும்.

செப்டம்பர் 14, பாதல்

லோசரைத் தாண்டி குன்சும் கணவாய், சுமார் 4,550 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 57 சதவீதம் அளவுக்குத்தான். எம்பிஎஃப்ஐ எஞ்சின் என்பதால் பெட்ரோல் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் இல்லாத காற்றை எங்கிருந்து கொண்டுவரும்? 80 குதிரையில் 45 மிஞ்சினால் பெரிது. பழைய எடையோடு வந்திருந்தால் முதல் கியரிலேயே உருட்டியிருப்போம். இப்போது இரண்டாவதில், அவசரமில்லாமல், ஏறி முடித்தது.

இறங்கி வரும்போது மதியம் இரண்டு. இங்கிருந்து கிராம்பூ வரை சுமார் ஐம்பது கிலோமீட்டரும் பாறையும் ஓடையும்தான். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, பிற்பகலில் ஓடைகள் பெருகும். இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று தம்பி கேட்டான். காலையில் போகலாம் என்று சொல்லிவிட்டேன். தாபாவில் ராஜ்மா சாதம், கம்பளி, ஏழு மணிக்கே தூக்கம்.

செப்டம்பர் 15, மணாலி

விடிந்ததும் கிளம்பினோம். சோட்டா தாராவுக்கு முன்னால் பெரிய ஓடை. தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கம்போடு இறங்கி நடந்தான். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, இடது பக்கம் மட்டும் உருண்டைக் கல், வலது ஓரம் சரளை. ஃபோர் லோ, இரண்டாவது கியர், நடுவில் கிளட்ச்சில் கால் வைக்கவே கூடாது. சக்கரம் கல்லில் ஏறி ஒரு நொடி தயங்கியது, அதே வேகத்தில் இறங்கியது, அக்கரை. கரையேறியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவைத்தேன்.

அடுத்த ஓடையில் இரண்டு டன்னுக்கு மேலிருக்கும் பெரிய எஸ்யுவி ஒன்று முந்தைய நாள் மாலையிலிருந்து பின் சக்கரம் புதைந்து நின்றது. எங்கள் வண்டியால் அதை இழுக்க முடியாது, முயற்சிக்கவும் இல்லை. எங்களிடம் ஸ்ட்ராப்பும் (வண்டி இழுக்கும் நாடா) மண்வெட்டியும் இருந்தன. மூன்று பேர் சேர்ந்து சக்கரத்தின் முன்னால் சரளையைத் தோண்டினோம், பின்னால் வந்த டிப்பர் ஸ்ட்ராப்பில் இழுத்தது. உள்ளே இருந்த அம்மா ஆளுக்கு ஒரு ஆப்பிள் கொடுத்தார். கிராம்பூ வந்து சேர நாலரை மணி நேரம். அப்புறம் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தில் வழவழவென்று போனபோது காது அடைத்ததுபோல் இருந்தது.

அக்டோபர் 1, கோவை

பட்டறையில் அண்ணா இரண்டு டிஃபரன்ஷியல் பிளக்கையும் திறந்து, விரலில் ஆயிலைத் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார். தேன் நிறம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பின் டிரம்முக்குள் மட்டும் கைப்பிடி மணல், ஷூ தேய்ந்திருக்கிறது. வலது முன் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு. இரண்டையும் வியாழக்கிழமை மாற்றுகிறோம். முன்பு வைத்திருந்தவர் வின்ச்சைத் திருப்பி வாங்கிக்கொள்கிறாராம். அந்தப் பணம் ஷாக்குக்குச் சரியாக இருக்கும்.