முலு பினாக்கிள்ஸ்: இறக்கத்துக்குக் கால் மிச்சம் வேண்டும்

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் குனோங் முலு தேசியப் பூங்காவில் உள்ள பினாக்கிள்ஸ் பாதை ஒருவழிக்கு 2.4 கிலோமீட்டர்தான். நீளத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பெயர் கொடுப்பவர்கள் நிறைய. ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏறியாக வேண்டும். குனோங் அப்பி மலையின் சரிவில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், காட்டு மரங்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக்கல் ஊசிகளைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். சில ஊசிகளுக்கு 45 மீட்டர் வரை உயரம் உண்டு.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, காலங்காலமாகக் கல்லைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. எஞ்சி நிற்பவைதான் இந்த ஊசிகள். மலையேறிகளுக்கு வரும் மூன்று சிக்கல்களுக்கும் இதுவே வேர். முதலாவது, மேலே தண்ணீரே கிடையாது. பெய்வதெல்லாம் வெடிப்பு வழியாக மலைக்குள் போய்விடும். இரண்டாவது, பாறை விளிம்பு கத்திபோல் இருக்கும். மூன்றாவது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆழம் தெரியாத இடுக்குகள். அவற்றை இலைச்சருகு மூடியிருக்கும். சருகை நம்பி மிதித்தால் கால் முழங்கால்வரை உள்ளே போகும், உடல் முன்னால் சாயும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். கண்ணுக்குத் தெரியும் கல்லிலோ, தடித்த வேரிலோ மட்டுமே கால் வைக்க வேண்டும்.

படகில் மெலினாவ் ஆற்றில் வந்து, பிறகு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் காட்டுவழி நடந்தால் இரவு தங்கும் முகாமான கேம்ப் 5. மலை ஏறுவது மறுநாள் விடியலில். வழிகாட்டி இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள். இரவு கனமழை பெய்து காலையிலும் விடவில்லை என்றால் பயணத்தையே ரத்து செய்வார்கள். இவ்வளவு செலவழித்து வந்தோமே என்று அப்போது வழிகாட்டியிடம் வாதாடுவது வீண். ஈரமான சுண்ணாம்புக்கல்லில், அதுவும் பல காலணிகள் தேய்த்து வழவழப்பாக்கிய கல்லில், எந்த அடிப்பகுதியும் முழுதாகப் பிடிக்காது.

ஆளுக்குத் தண்ணீர் 3 லிட்டர். அதில் ஒரு லிட்டராவது உப்பும் சர்க்கரையும் கலந்ததாக இருக்கட்டும். வெறும் தண்ணீரையே குடித்து வியர்த்துக்கொண்டிருந்தால் இறக்கத்தில் தொடை பிடித்துக்கொள்ளலாம். ஒரு பாட்டிலைப் பாதி வழியில் அடையாளம் வைத்து விட்டுச் செல்வது இங்கே வழக்கம்; சுமையும் குறையும், திரும்பும்போது தண்ணீரும் இருக்கும். மறக்காமல் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். கைக்கு உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறை போதும். காலுக்கு உள்ளூர்க்காரர்கள் போடும் ‘அடிடாஸ் கம்போங்’ ரப்பர் காலணி நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதன் அடிப்பகுதி மெல்லியது; பழக்கமில்லாத பாதம் கல்முனையை உணர்ந்துகொண்டே நடக்க வேண்டியிருக்கும். கணுக்காலை மூடும், ஏற்கெனவே போட்டுப் பழகிய காலணியே பெரும்பாலோருக்குச் சரி.

பாதையின் 900 மீட்டர் தூரக் குறியருகே ‘மினி பினாக்கிள்ஸ்’ என்ற சிறிய ஊசிகள் வரும். படம் எடுக்கும் இடமாகத்தான் பலர் அதைப் பார்க்கிறார்கள். வழிகாட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஆளை எடைபோடும் இடம். “முடியுமா?” என்று கேட்டால் எல்லாரும் “முடியும்” என்பார்கள். அதனால் கேட்க வேண்டியது, “தண்ணி எவ்வளவு மிச்சம் இருக்கு?” என்பதைத்தான். இங்கேயே பாதி காலியானால் கணக்கு உதைக்கும். பேச்சு நின்றுபோனது, கை முழங்காலைத் தேடுவது, ஒரே கல்லில் இரண்டு முறை கால் தவறுவது எல்லாம் திரும்ப வேண்டிய அறிகுறிகள். பாதையின் கடைசியில் உள்ள ஏணிகளை எட்ட ஒரு நேர வரம்பு உண்டு. இருட்டுமுன் கேம்ப் வந்துசேர வேண்டும் என்பதால்தான் அது, ஆளைப் பார்த்து மாறுவதில்லை.

கடைசி 400 மீட்டர் முழுக்க ஏணியும் கயிறும். ஓர் ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் பிடிப்பில் இருக்க வேண்டும். கயிறு சமநிலைக்கு, முழு எடையையும் அதில் தொங்கவிடக் கூடாது. கைத்தடியை மடித்துப் பையில் வையுங்கள். இடி கேட்டால் ஏணிப் பகுதிக்குள் நுழையவே வேண்டாம்.

இறங்க ஏறிய நேரமே ஆகும், பலருக்கு அதைவிடக் கூடுதல். ஏணியில் முகம் பாறையைப் பார்த்தபடிதான் இறங்க வேண்டும். தொடை நடுங்கத் தொடங்கிய பிறகும் வேகம் பிடிப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

பாறை மேல் மண் ஒரு கைப்பிடி ஆழம்கூட இல்லாத இடங்கள் உண்டு. பிடிமானத்துக்கு இளஞ்செடியை இழுத்தால் அது வேரோடு வரும்; அங்கே மறுபடி ஒன்று முளைக்க வெகுகாலம் ஆகும். பூச்சி பிடிக்கும் கெண்டிச்செடிகளைத் தொட வேண்டாம். மலம் கழிக்கக் குழிதோண்ட மண்ணில்லை. இந்த மலைக்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்ட கிளியர்வாட்டர் குகைத்தொகுதி இருக்கிறது. மேலே விட்டது வடிகட்டப்படாமலே அந்த நீரில் போய்ச் சேரும். கிளம்புமுன் கேம்ப்பில் போய்விட்டு வருவது நல்லது. வழியில் அவசரம் என்றால் கெட்டியான பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். ஆரஞ்சுத் தோலுக்கும் அதே விதி.

கேம்ப் வந்ததும் எல்லாரும் நேரே ஆற்றில்தான் இறங்குவார்கள். கையிலோ காலிலோ வெட்டு இருந்தால் பொறுங்கள். முதலில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கல்தூளை முழுக்கக் கழுவி, மருந்து வைத்து மூடுங்கள். திறந்த காயத்தோடு காட்டாற்றில் முங்கினால் எலிக்காய்ச்சல் தொற்ற இடமுண்டு. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு தாண்டிவிட்டதா என்பதை விமானச் சீட்டு எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.