பெர்மல்லாய் படலம்: புலமா, சாய்வா?

மார்ச் 4
பெர்மல்லாய் என்ற உலோகக் கலவை: நிக்கல் 80, இரும்பு 20 சதவீதம். இதன் மெல்லிய படலத்தில் எளிய அச்சு (எளிதில் காந்தமாகும் திசை) எதனால் வருகிறது: படியும்போது வைத்த காந்தப் புலத்தாலா, அணுக்கள் சாய்வாக வந்து விழுவதாலா? இந்த விகிதத்தின் அருகே காந்தமாகும்போது நீளம் மாறுவது ஏறக்குறைய பூஜ்யம். படலத்தில் தகைவு இருந்தாலும் அச்சு திரும்பாது; படிவு முறையின் விளைவை மட்டும் பார்க்க இதுவே தோது. டார்கெட் (ஸ்பட்டரிங்கில் அயனிகள் மோதி அணுக்களை உதிர்க்கும் உலோகத் தட்டு) 1-2 மி.மீ. தடிமன் போதும். தடித்தால் மேக்னட்ரானின் (டார்கெட்டின் பின்னால் காந்தம் வைத்த ஸ்பட்டரிங் கன்) புலத்தை அதுவே விழுங்கிவிடும், பிளாஸ்மா பற்றாது. அப்போது பவர் சப்ளையைக் கழற்றிப் பார்ப்பது வீண்.

மார்ச் 6
ஆக்சைடு வளர்த்த சிலிக்கான் மேல் டான்டலம் 5 நா.மீ., பெர்மல்லாய் 20, மூடியாக டான்டலம் 3. ஆர்கான் வாயு அழுத்தம் 3 மில்லிடார். ஷட்டர் மூடிய நிலையில் 5 நிமிடம் டார்கெட்டைச் சுத்தம் செய்துவிட்டுத் திறக்க வேண்டும். சிலிக்கானைப் பிடிக்கும் தாங்கியில் இருபுறமும் காந்தம், நடுவே 70 எர்ஸ்டெட் (காந்தப் புலத்தின் அலகு). தாங்கியோடு காந்தமும் சுழல்கிறது. சூடாக்குவதாக இருந்தால் சமாரியம்-கோபால்ட்தான். சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும்.

மார்ச் 7
கெர் அளவீடு: படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் மாற்றத்தை வைத்துக் காந்தமாதலை அளப்பது. படிவின்போது வைத்த புலத்தின் திசையில், வரைபடத்தில் சதுர வளையம்: எளிய அச்சு. குறுக்கே, அதாவது கடின அச்சில், மூடிய சாய்கோடு; அது செறிவடையும் இடம் சுமார் 5 எர்ஸ்டெட். பெர்மல்லாய்க்கு வழக்கமான மதிப்பு.

மார்ச் 11
சுழற்சி இல்லை, அணுக்கள் படலத்தின் செங்குத்திலிருந்து 35 டிகிரி சாய்வில். கன்கள் சாய்ந்து நிற்கும் சாம்பர்களில் பலர் ஏமாறும் இடம் இது. முதலில் முளைத்த மேடுகளின் பின்னால் நிழல் விழுகிறது, அங்கே அணு சேர்வதில்லை. அதனால் மணிகள் (படலத்தின் நுண் படிகங்கள்) அணு வரும் திசைக்குக் குறுக்கே கோத்து நீள்கின்றன. எளிய அச்சும் குறுக்கே அமைகிறது. காந்தத்தை 90 டிகிரி திருப்பி வைத்தும் அச்சு அசையவில்லை: சாய்வு புலத்தை வென்றுவிடுகிறது. சாய்வு 70 டிகிரியைத் தாண்டினால் கதை தலைகீழ். தூண்கள் அணு வரும் பக்கமாகச் சாய்ந்து வளர, அச்சும் அத்திசைக்கு மாறிவிடும். 60 டிகிரியில் படியும் வேகம் கொசைன் கணக்குப்படி பாதி என்பதால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். அழுத்தத்தை ஏற்றினால் அணுக்கள் வழியில் மோதிச் சிதறும், கோணம் என்று ஒன்று மிஞ்சாது.

மார்ச் 13
அச்சு எதனால் வந்தது என்று பிரித்தறிய: வெற்றிடத்தில் 250 டிகிரி செல்சியஸ், கடின அச்சின் திசையில் புலம். புலத்தால் வந்தது இரும்பு அணு இணைகளின் ஒழுங்கு. அணுக்கள் இடம் மாறியதும் அச்சும் திரும்பும். சாய்வால் வந்தது மணிகளின் வடிவம். அது இந்தச் சூட்டுக்கு மசியாது.

மார்ச் 14
புலத்தால் மட்டுமே அச்சு வேண்டுமென்றால் காந்தத்தை வலுப்படுத்திப் பயனில்லை. தாங்கியைச் சுழற்ற வேண்டும், காந்தம் அதனுடனேயே சுழல வேண்டும். சாம்பர் சுவரில் பொருத்திய காந்தம் இந்த வேலைக்கு உதவாது.