நாலு பேருக்கும் 'ச'

எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாலு பேர், நாலு பேருக்கும் 'ச'வில்தான் பெயர். அம்மா ஒருத்தரைக் கூப்பிட வாயைத் திறந்தால் மற்ற மூன்று பேரையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வேண்டிய ஆளுக்கு வந்து சேருவாள், சில நாள் நடுவில் நாயின் பெயரும் வரும். அப்பா இனிஷியலும் ஒன்றுதானே, 'கே. எஸ்.' என்று வரும் தபால் யாருக்கு என்பது பிரித்தால்தான் தெரியும். அப்படித்தான் எனக்கு வந்த ஒரு கடிதத்தை அண்ணன் பிரித்துப் படித்தான், சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

அமெரிக்காவில் டக்கர் என்று ஒரு குடும்பம், 19 பிள்ளைகள், அத்தனை பேருக்கும் 'ஜே'! கர்தாஷியன் வீட்டில் ஐந்து பெண்களுக்கும் 'கே', ஒரே பையன் மட்டும் அப்பா பெயரை வாங்கி ராபர்ட் ஆகித் தப்பித்தான். இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன். எழுத்தாவது ஒன்றாவது என்று ஐந்து மகன்களுக்கும் ஜார்ஜ் என்றே வைத்துவிட்டார். ஒரு மகளுக்கு ஜார்ஜெட்டா. அந்த வீட்டுத் தபால்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

போன வாரம் அண்ணனுக்குப் பையன் பிறந்திருக்கிறான். அம்மா 'ச'வில் முப்பது பெயர் எழுதி வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள். அண்ணி 'ய'வில் தேடிக்கொண்டிருக்கிறார்.