வெள்ளவத்தையிலிருந்து ஒரு எம்.ஏ.

கணவருக்குக் கொழும்புக்கு மாற்றல் வந்தபோது எனக்குக் கிடைத்தது அவரைச் சார்ந்த வதிவிட விசா. இங்கே இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. தஞ்சாவூரில் கச்சேரி, நாட்டிய விழா என்று ஓடிக்கொண்டிருந்தவளுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது ஒத்துவரவில்லை. பல வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த கலை மேலாண்மை முதுகலைப் படிப்பில் இணையவழியாகச் சேர்ந்தேன். பல்கலைக்கழகம் இங்கிலாந்தில். அங்கே மாலை 6 மணி வகுப்பு என்றால் கோடையில் இங்கே இரவு 10:30, குளிர்காலத்தில் 11:30. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, கடற்கரை ரயில் போகும் சத்தம் அந்தப் பக்கம் கேட்காமலிருக்க மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு பாடம் கேட்பேன்.

நாங்கள் வந்தது 2023-இல். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத விமானப் பயணம். இதைப் பெரிய இடப்பெயர்வு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டிலும் கனடாவிலோ லண்டனிலோ யாராவது இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு போனவர்கள், யுத்தம் முற்றியபோது போனவர்கள், அவர்கள் போனதால் பின்னாலேயே போனவர்கள். வீட்டுக்காரம்மா மட்டும்தான் அந்தக் குடும்பத்தில் மிச்சம். "பிள்ளை, நீங்கள் இஞ்ச வந்திட்டீங்கள், இஞ்ச இருக்கிறவை எல்லாரும் அங்க போட்டினம்" என்று சிரிப்பார்.

வீடு பழகுவதில் கஷ்டமில்லை. காலி வீதியில் இறங்கினால் மல்லிகைப் பூவும் முருங்கைக்காயும் கிடைக்கிறது, சண்டை போடத் தமிழ் போதும். வேலை பழகுவதுதான் கஷ்டம். நான் சொல்வது படிப்புக்கான களவேலையை.

இரண்டாம் பருவத்தில் ஓர் உள்ளூர்க் கலை அமைப்பை எடுத்து அதன் வரவு செலவு, நிர்வாகம், பார்வையாளர் எல்லாவற்றையும் அலச வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் அருங்காட்சியகம், நகர இசைவிழா என்று எடுத்தார்கள். கொழும்பிலும் அப்படி எடுக்க ஆளில்லாமல் இல்லை. 2019 கடைசியில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் விளக்கப் பலகை வைக்கிறார்கள். 1993-இலிருந்து நடக்கும் கலா பொல ஓவியச் சந்தை இருக்கிறது. நான் பக்கத்து ஒழுங்கையில் பரதம் சொல்லித்தரும் டீச்சரை எடுத்தேன். வழிகாட்டிப் பேராசிரியர், "இது ஓர் அமைப்பா, ஒரு நபரா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பதிவு இல்லை, நிர்வாகக் குழு இல்லை, தனி வங்கிக் கணக்குகூட இல்லை. ஆனால் கொழும்பில் தமிழர் கலை பெரும்பாலும் இப்படிப்பட்ட வீட்டு முன்னறைகளில்தான் உயிரோடிருக்கிறது. அதை விட்டுவிட்டு எதை ஆராய்வது?

டீச்சரின் அலுவலகம் ஒரு சீ.ஆர். கொப்பி. நீளமான கோடு போட்டது, முனை மடங்கியது, முதுகில் செலோடேப் ஒட்டியது. இடப்பக்கம் பெயர். நடுவில் தந்த தொகை அல்லது பொருள்: "மாலை ரெண்டு", "மலர் பின்னட்டை", "சவுண்ட்ஸ் பாதி". வலப்பக்கம் சிவப்பு மையில் வேறொரு கணக்கு: "மகளின்ர அரங்கேற்றம், வைகாசி", "தகப்பன்ர அந்தியேட்டி, போனது", "லண்டனால வந்தா சொல்லோணும்". அந்தியேட்டி என்பது இங்கே இறந்தவருக்குச் செய்யும் சடங்கு. யார் தந்தார், பதிலுக்கு நாம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது ஒரே வரியில். எங்கள் பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைக்கிறவர்களின் நோட்டு இதேபோலத்தான் இருக்கும். கொடையாளர் உறவு மேலாண்மை என்று எங்களுக்கு ஒரு முழுப் பாடமே உண்டு. அதற்கு மென்பொருள் உண்டு, மாதச் சந்தா உண்டு. டீச்சரின் கொப்பியில் இருக்கும் அந்தியேட்டிப் பத்தி அந்த மென்பொருளில் இல்லை.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கே ஒரு அரங்கேற்றம் என்றால் மண்டப வாடகை, ஒளி, ஒலி, மேடை அலங்காரம், அழைப்பிதழ், விழா மலர், ஆடைகள், ஒப்பனை, நகை, வீடியோ, பொன்னாடை, நினைவுச் சின்னம், இடைவேளையில் ரோல்ஸும் பட்டிஸும் நெஸ்கஃபேயும். இவற்றோடு பக்கவாத்தியம். வசதியுள்ளவர்கள் வாத்தியக்காரர்களைச் சென்னையிலிருந்தே கூட்டிவருகிறார்கள். அப்போது விமானச் சீட்டும் தங்குமிடமும் சேரும். இத்தனையும் பெற்றோர் தலையில். வருகிறவர்கள் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. அழைப்பிதழோடு வருவார்கள், ஓர் உறையோ பரிசுப் பொட்டலமோ கொடுப்பார்கள், முதல் வரிசையில் பிரதம விருந்தினர் பேசி முடிக்கும்வரை இருப்பார்கள். அப்புறம் கடைசி உருப்படியான தில்லானாவுக்குள் பாதி நாற்காலி காலி.

கலைப் பொருளாதாரத்தில் பாமோல், போவன் என்ற இருவர் 1966-இல் எழுதிய நூலை எல்லாப் பாடத்திலும் மேற்கோள் காட்டுவார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒருவர் நாளுக்குச் செய்யும் வேலை கூடும், கூலியும் கூடும். நிகழ்கலையில் அது நடக்காது. நால்வர் வாசிக்கும் ஒரு இசைக்கோவைக்கு அன்றும் நால்வர்தான், இன்றும் நால்வர்தான், அதே நேரம்தான். ஆனால் வெளியுலகில் கூலி ஏறும்போது அந்த நால்வருக்கும் ஏற்றித் தந்தாக வேண்டும். ஆகவே மேடைச் செலவு மற்றதைவிட வேகமாக ஏறிக்கொண்டே போகும். யாராவது அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும்.

அன்றைக்கு வகுப்பில் இதற்கு உதாரணம் கேட்டார்கள். எனக்குக் கைவசம் இருந்தது. இன்று பரதத்தில் ஆடுகிற மார்க்கத்தை, அதாவது உருப்படிகளின் வரிசையை, அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும்படி ஒழுங்குசெய்தவர்கள் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எங்கள் ஊர் மேலவீதியில் அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். அவர்கள் காலத்தில் வர்ணம் என்ற நீண்ட உருப்படிக்கு ஆட ஒருவர், தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்ய ஒருவர், பாட ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர் வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் இன்றைக்கும் வேண்டியிருக்கிறது. அந்த அரைமணிக்கும் கூடுதலான நேரத்தைக் குறைக்க எந்த இயந்திரமும் வரவில்லை, வரவும் கூடாது. ஆனால் இடைவெளியை நிரப்புவது யார்? இங்கிலாந்தில் 1946-இல் கலை மன்றம் ஏற்பட்டபோது விடை அரசு என்றார்கள்: பணம் அரசு தரும், எந்த நாடகத்துக்கு என்பதை மன்றம் தீர்மானிக்கும். அமெரிக்காவில் அறக்கட்டளைகள், வரிச் சலுகை. கொழும்பில் தமிழ்ப் பிள்ளையின் அப்பா.

என் ஆய்வின் மொத்தமும் அந்தக் கடைசி வரிதான். பேராசிரியர் அதை அப்படியே எழுதக் கூடாது என்றார், 'குடும்ப மூலதனம்' என்று ஒரு தலைப்புக்குள் போட்டிருக்கிறேன்.

இலங்கையில் அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். 1952-இலேயே சட்டம் போட்டுக் கலைக்கழகம் அமைத்தார்கள். அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஊர் ஊராகப் போய், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைக் கண்டுபிடித்தார், கூத்து விழாக்கள் நடத்தினார், விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி 1960-களில் பேராதனை மாணவர்களைக் கொண்டு நகர மேடைக்குக் கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன்னால், 1956 நவம்பரில், கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் ஏறியிருந்தது. சிங்கள நாடகத்தையே அது திருப்பிப்போட்டது. வித்தியானந்தனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரைத் தமிழறிஞர், நெறியாளர் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அவர் முதலில் ஒரு மேலாளர். ஆளைத் தேடி, பணத்தைத் தேடி, நேரத்தை வெட்டி, பார்ப்பவரை உருவாக்கியவர். இதைத்தான் நான் கட்டணம் கட்டிப் படிக்கிறேன்.

டீச்சரிடம் மேடைக்கு வெளியே உள்ள வேலைகளையும் பார்த்தேன். டிக்கெட் விற்றால் மாநகர சபைக்குக் கேளிக்கை வரி. நாடகம் என்றால் பிரதியை முன்கூட்டியே பொது அரங்காற்றுகைச் சபைக்கு அனுப்ப வேண்டும் என்ற நடைமுறை, 1912-ஆம் வருடத்துச் சட்டத்தின் வால். டிக்கெட் போடாமல் அழைப்பிதழோடு நிறுத்திக்கொள்வதற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "டிக்கெட் போட்டா ஆர் பிள்ளை வருவினம்? காசு குடுத்து என்ர பிள்ளையளைப் பார்க்க அவைக்கு என்ன விசரே?" என்றார். மலர் விஷயத்தில் மட்டும் அவர் மனம் மாறியிருக்கிறார். 2022-இல் தாள் தட்டுப்பாட்டில் மேல் மாகாணப் பள்ளிப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள். அந்த வருடம் ஆண்டு நிகழ்ச்சிக்கு மலர் அச்சிடவில்லை. ஆசியுரைகள் இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லையாம், ஆசியுரை எழுதியிருக்க வேண்டியவர்களைத் தவிர.

அடுத்த தலைமுறை யார் என்பதுதான் அவருக்கு உண்மையான கவலை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளைத் தரம் தரமாக எழுதி, கலாவித்தகர் பட்டம் வரை வந்த மாணவிகள் அவரிடம் பலர். ஒருத்தி டொரொன்டோ, ஒருத்தி மெல்போர்ன், ஒருத்தி கல்யாணமாகி லண்டன் ஹாரோவில். அங்கேயும் வகுப்பு நடத்துகிறார்கள், நன்றாகவே. ஆனால் இந்த முன்னறைக்கு யார்?

இதற்கு எங்கள் பாடத்தில் ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். எனக்கோ பெரிய கோயில் கல்வெட்டு ஞாபகம் வந்தது. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கோயிலில் ஆடும் 400 தளிச்சேரிப் பெண்களைக் கொண்டுவந்து குடிவைத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, வருடத்துக்கு 100 கலம் நெல். எந்தத் தெருவில், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்), எத்தனையாவது வீட்டில் யார் என்று பெயரோடு வெட்டியிருக்கிறது. கூடவே ஒரு விதி: ஒருவர் இறந்தாலோ வேறு தேசம் போய்விட்டாலோ அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும்; தனக்குத் தகுதியில்லையென்றால் தகுதியுள்ள ஆளை வைத்துச் செய்விக்க வேண்டும். அந்தப் பெண்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்பது வேறு கேள்வி, அதைக் கேட்காமல் இதைப் புகழவும் முடியாது. ஆனாலும், வெளிதேசம் போகிறவரையும் கணக்கில் எடுத்து ஆயிரம் வருடம் முன்னால் விதி எழுதியிருக்கிறான். டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். "நூறு கலம் நெல்லும் வீடும் தந்தா அவளவை ஏன் ஹாரோவுக்குப் போறாளவை?" என்றார். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் இந்தக் கேள்வியைத்தான் நாலாயிரம் சொல்லில் எழுதியிருக்கிறேன்.

ஆராய்ந்தால் மட்டும் போதாது, ஒரு மாற்றமும் முன்மொழிய வேண்டும் என்பது விதி. டீச்சரிடம் ஒரு மாணவி இருக்கிறாள். அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அவள் அளவுக்கு அபிநயம் அந்த வகுப்பில் வேறு யாருக்கும் வராது; கண்ணை ஒரு பக்கம் திருப்பினாலே முன்னால் யாரோ வந்து நிற்பதுபோல நமக்கும் தலை திரும்பும். அவளுக்கு அரங்கேற்றம் இல்லை, இருக்கவும் போவதில்லை. எனவே நான் முன்மொழிந்தது இது: மூன்று பிள்ளைகள், ஒரே மேடை, ஒரே பக்கவாத்தியக் குழு, ஒரே மண்டபம். செலவில் ஒரு பகுதியைக் கனடாவில் இருக்கும் பழைய மாணவிகளிடம் வெளிப்படையாகக் கேட்டு ஒரு நிதியாக வைப்பது. முன்வரிசைகள் அழைப்பு, பின்வரிசைகள் டிக்கெட். பிரதம விருந்தினர் ஒருவர் மட்டும், பேச்சு ஐந்து நிமிடம்.

பழைய மாணவிகள் உடனே சம்மதித்தார்கள், ஒருத்தி அனுப்பியே விட்டாள். பொருளாளராக இருக்க ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் முன்வந்து, முதல் வேலையாகத் தனிக் கணக்குத் திறக்கச் சொன்னார். ஐந்து நிமிடப் பேச்சை டீச்சர் பத்தாக்கினார். டிக்கெட்டைப் பற்றிய முடிவு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. பெற்றோர் கூட்டம்தான் சிரமம். தனி அரங்கேற்றத்துக்குப் பல வருடமாகச் சேர்த்துவைத்த குடும்பத்திடம் போய் மேடையைப் பங்குபோடச் சொல்வது எளிதில்லை. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளையும் பத்து வருடம் கால் வலிக்க ஆடியிருக்கிறாள். கடைசியில் ஒரு தாய் ஒத்துக்கொண்டார், இன்னொருவர் அரைமனதாக.

பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று. வர்ணத்தை யார் ஆடுவது என்பதில் அந்த இரண்டு தாய்மாரும் இப்போது ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. ஆட்டோக்காரர் மட்டும் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் எங்கே உட்காருவது என்று கேட்கிறார், வந்தவர்களை இறக்கி ஏற்றக் காசு வாங்க மாட்டேன் என்கிறார். அதைப் பொருளாளர் கணக்கில் வரவு வைத்துவிட்டார்.