பத்தாம் தேதிக்கு முன்

நவம்பர் 19
கலை இரவுக்கு நினைத்திருந்த கட்டியக்காரர், தெருக்கூத்தில் கதையை நடத்திச் செல்பவர், பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறாராம். போன் எடுக்கவில்லை. கூத்து இனி மாசிக்கு மேல்தான், அதுவரை வீடு நடக்க வேண்டுமே.

நவம்பர் 21
பாலக்கோடு போய்ப் பறைக்குழுப் பெரியவரைப் பார்த்தேன். டிசம்பர் 10 மனித உரிமை நாள், அரூரில் கலை இரவு, உங்கள் ஆதரவு வேணும் என்றேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, "ஆதரவுன்னா கூலி இல்லீங்களா கண்ணு?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று நிறுத்திய குழு அது. அதற்காக ஊரில் யாரும் வேலைக்குக் கூப்பிடாமல் எத்தனை வருசம் பட்டார்கள். அவரிடம் போய் உரிமைக்காகச் சும்மா அடியுங்கள் என்று கேட்டிருக்கிறேன். மேடைக்காரருக்கும் மைக் செட்டுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. அவர்களிடம் ஆதரவு கேட்கத் தோன்றவே இல்லை.

நவம்பர் 22
ஆளுக்கு 1,200. ஏழு பேர். 8,400, பஸ் செலவு தனி.

நவம்பர் 25
கிருஷ்ணகிரி கிட்டார் தம்பி வந்தான். 1988 செப்டம்பர் 30 அன்று டெல்லி நேரு ஸ்டேடியத்தில் ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு நடத்திய கச்சேரியைப் பற்றிப் பேசினால் அவனுக்கு நேரம் போவது தெரியாது. ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், டிரேசி சாப்மன், செனகலிலிருந்து யூசு என்டூர். பெரியவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அவங்க ஊருக்குத் திரும்பிப் போனா சோறு இருக்கும்ல தம்பி?" என்றார். தம்பி பதில் சொல்லவில்லை. தன் பங்குப் பணம் வேண்டாம், குழுவுக்குக் கொடுங்கள் என்று ராத்திரி செய்தி அனுப்பியிருந்தான். 8,400-ல் 2,000 குறைந்தது.

நவம்பர் 28
நோட்டீஸ் வந்தது. சென்னைப் பாடகருக்குப் படத்தோடு பெயர். கீழே "பறை முழக்கம்" என்று மட்டும். ஏழு பேருக்கும் பெயர் இல்லையா? திருப்பி அடிக்கச் சொன்னேன். 900 ரூபாய். செலவாகட்டும்.

நவம்பர் 29
கட்டியக்காரர் போன் எடுக்கவில்லை.

டிசம்பர் 2
வாச்சாத்திப் பாட்டு ஒத்திகை. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்த 1992 ஜூன் 20-இல் தொடங்குகிறது. ஆலமரத்தடியில் ஊரை உட்கார வைத்தது, வீடுகளை உடைத்தது, பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோனது. கேட்கும்போதே தொண்டை அடைத்தது. அந்த ஊரிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். முடிந்ததும் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, "அழுதத மட்டும் பாடறீங்க. கோர்ட்டுக்கு நடையா நடந்தத யாரு பாடறது?" என்றார்.

அதிலிருந்து வேறு நினைப்பில்லை. கூட்டம் அழுதால் பாட்டு நன்றாக இருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். பத்தொன்பது வருசம் வழக்கை விடாமல் பிடித்திருந்தவர்களை மேடையில் ஏற்றி மறுபடியும் அந்த ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். இது உதவியா? பாடலாமா என்று முதலிலேயே அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது தடவை தப்பு செய்கிறேன்.

டிசம்பர் 4
பாட்டு இப்போது 2011 செப்டம்பர் 29, தர்மபுரி நீதிமன்றத்தில் தொடங்குகிறது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. "இருநூத்திப் பதினஞ்சு" பறை அடிக்கு அப்படியே உட்கார்ந்தது. பெரியவர் சிண்டுக்குச்சியால் அதையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். 2023-லும் அதே செப்டம்பர் 29, உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. கடைசிக் கண்ணி அது. அக்கா இரண்டு சொல்லை மாற்றச் சொன்னார், மாற்றினோம்.

டிசம்பர் 6
அம்பேத்கர் நினைவு நாள். குழு மாலை போட்டுவிட்டு ஒத்திகைக்கு வந்தது. ஒலிபெருக்கி அனுமதிக்கு மூன்றாவது முறை போனேன். நாளைக்கு வாங்க.

டிசம்பர் 7
நாளைக்கு வாங்க.

டிசம்பர் 8
கட்டியக்காரரே கூப்பிட்டார்! மேஸ்திரி கூலியைத் தராமல் இழுத்தாராம், வாங்காமல் கிளம்ப முடியவில்லையாம். ராத்திரி பஸ் ஏறுகிறார். அனுமதி இன்னும் இல்லை. 1,100 குறைகிறது.

டிசம்பர் 9
விடிந்ததிலிருந்து மழை. பறைத் தோல் தொய்ந்துவிட்டது, காய்ச்ச வைத்திருந்த வைக்கோலும் நனைந்துவிட்டது. பெரியவர் பக்கத்து வீட்டில் காய்ந்த தென்னமட்டை கேட்கப் போயிருக்கிறார். நான் மறுபடி அனுமதிக்குக் கிளம்புகிறேன்.