ஸ்பாட் வெல்டர் வாங்கும் முன் ஒரு சுவிட்ச் வாங்குங்கள்

மச்சானுடைய கார்ட்லெஸ் டிரில்லில் மூன்று 18650 செல் (விரல் மாதிரி உருளையான லித்தியம் பேட்டரி) இருக்கும், அதில் ஒன்று படுத்துவிட்டது. கடையில் கேட்டால் பேக்கையே மாற்றச் சொன்னார்கள், விலையைக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் போட்டால் புது டிரில்லே வாங்கலாமே என்று தோன்றியது. சரி, நாமே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். செல்களை இணைக்கிற நிக்கல் பட்டையை ஈயம் வைத்துப் பற்றலாம்தான், ஆனால் ஈயம் பிடிக்கிற வரைக்கும் அயர்னின் சூடு செல்லுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், பிளஸ் முனையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம் இளகிவிடும். ஸ்பாட் வெல்டிங்கில், அதாவது பட்டையில் பெரிய கரண்டை ஒரு கணம் பாய்ச்சி உருக்கி ஒட்டுவதில், இதே வேலை சில மில்லிசெகண்டில் முடியும். அதனால் ஆன்லைனில் கிடைக்கும் அந்த மலிவு போர்டு ஒன்றை வாங்கினேன். ஐந்தாறு மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் எலெக்ட்ரானிக் சுவிட்ச்), ஒரு டைமர், ஒயர் நுனியில் இரண்டு செம்பு ஊசி, அவ்வளவுதான்.

அதை முதலில் எதில் மாட்டினேன் தெரியுமா? 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டரில். சிரிக்காதீர்கள், போர்டில் 12 வோல்ட் என்றுதான் போட்டிருந்தது, எத்தனை ஆம்பியர் என்று ஒரு வார்த்தை இல்லை. ஊசியை வைத்து அழுத்தினேன், அடாப்டர் 'டிக்' என்று அணைந்துபோனது. இதற்குத் தேவை நூற்றுக்கணக்கான ஆம்பியர். கணக்குக்கு 500 என்று வைத்தால் 12 வோல்ட்டில் 6 கிலோவாட், நான்கு ஏசி ஒரே நேரத்தில் இழுக்கிற பவர். ஆனால் 5 மில்லிசெகண்டுக்கு மட்டும் என்பதால் மொத்தமே 30 ஜூல்தான். அடுத்து பழைய யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 7 ஏஎச் பேட்டரி. பட்டை ஒட்டியது மாதிரி இருக்கும், நகத்தால் தட்டினால் கையோடு வந்துவிடும். அந்த பேட்டரிக்குப் புதிதிலேயே 20, 25 மில்லிஓம் உள்தடை உண்டு, வயதானால் பல மடங்கு, அதனால் வேண்டிய கரண்ட் வராது. காரை ஸ்டார்ட் செய்கிற பேட்டரிக்கு 10 மில்லிஓம்கூட வராது. கடைசியில் அதற்குத்தான் போனேன்.

வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது. சார்ஜ் இறக்கிய பழைய செல்லில் பழகிக்கொண்டிருந்தேன். 'சட், சட்' என்று நன்றாக விழுந்துகொண்டிருந்த வெல்டு ஒரு தடவை நிற்கவே இல்லை. பட்டை சிவக்கிறது, ஊசி ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது, பேட்டரி கிளாம்ப்பைக் கழற்ற 10 நம்பர் ஸ்பேனர் வேண்டும், அது மேசைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. பட்டை தானே உருகி அறுந்ததால் தப்பித்தேன்.

மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதாவது சுவிட்ச் 'ஆன்' நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அப்போது டைமர் என்ன சொன்னாலும் எடுபடாது. அது சாவதற்கும் காரணங்கள் உண்டு. ஒயர் நீளமாகவும் விரிந்தும் கிடந்தால், கரண்ட் அறுபடும் கணத்தில் வோல்டேஜ் எகிறி அதை அடிக்கும். பேட்டரி சோப்ளாங்கியாக இருந்து வோல்டேஜ் ரொம்ப இறங்கினாலும் மாஸ்ஃபெட் முழுசாகத் திறக்காமல் சூடேறி வெந்துபோகும். ரொம்பப் பெரிய லாரி பேட்டரி போட்டாலும் தாங்காது. (என்னுடையது ஒயரால் போனது என்று நினைக்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் விட்டிருந்தேன்.)

இப்போது பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில், கை எட்டும் தூரத்தில், கார்களுக்கு விற்கும் திருகுகிற கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கிறது. ஒயர் 16 ஸ்கொயர் எம்எம், குட்டையாக, பிளஸ்ஸும் மைனஸும் சேர்த்துக் கட்டியது. பேட்டரி சார்ஜில் இருக்கும்போது வெல்டு செய்வதில்லை, அதிலிருந்து ஹைட்ரஜன் வரும், இங்கே பொறி பறக்கும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உட்காருவேன்.

நிக்கல் பட்டையிலும் ஏமாற்று உண்டு. நிக்கல் என்று விற்பது பல நேரம் நிக்கல் பூசிய இரும்பு. காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதை நம்பாதீர்கள். ஒரு துண்டைக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள், இரும்பு என்றால் கீறல் துருப்பிடித்துக் காட்டிக்கொடுக்கும்.

எல்லோரும் கோட்டைவிடுவது செல்லின் பிளஸ் பக்கத்தில்தான். பிளஸ் தொப்பியைச் சுற்றியுள்ள விளிம்பு மைனஸ். இரண்டுக்கும் நடுவில் அந்த பிளாஸ்டிக் வளையமும் மேலே மெல்லிய உறையும் மட்டுமே. பட்டை விளிம்பில் அழுந்தி உறை கிழிந்தால் அங்கேயே ஷார்ட். பசை தடவிய பேப்பர் வளையம் கிடைக்கும், முதலில் அதை ஒட்டிவிட்டுத்தான் பட்டையை வைக்க வேண்டும்.

வெல்டு சரியா என்று பார்க்க, பழைய செல்லில் ஒட்டிய பட்டையைக் குறடால் உரித்துப் பாருங்கள். பட்டை கிழிந்து புள்ளிகள் செல்லிலேயே தங்கினால் சரி. சுத்தமாக உரிந்து வந்தால் பத்தாது, ஓட்டை விழுந்தால் அதிகம்.

மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரை வைத்தே செய்யலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தப் பெட்டிக்குள் 2000 வோல்ட் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

டிரில்லுக்கு ஒரு செல் போனாலும் மூன்றையும் ஒரே மாதிரி புதிதாகவே போட்டேன். அன்று பட்டை சிவந்த அந்தப் பழைய செல்லை மணல் பக்கெட்டில் புதைத்து மொட்டைமாடியில் வைத்தேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன், வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.