மாடியில் வெந்நீர், குழாயில் பச்சைத் தண்ணீர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் ஒன்று பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது. செப்புக் குழாய்கள் ஓடும் பேனல் இரண்டு, அவற்றுக்கு மேலே படுக்கையாக ஒரு வெந்நீர்த் தொட்டி, அவ்வளவுதான். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் வேண்டாம். கடந்த மார்கழியில், வெயில் நன்றாகக் காய்ந்த நாட்களில்கூடக் குளியலறையில் பச்சைத் தண்ணீரே வரத் தொடங்கியது. மூட்டுவலியோடு என் அம்மா விடியற்காலையில் அடுப்பில் அண்டாவை ஏற்றி வெந்நீர் போடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. பழுது பார்க்க வந்தவரோ எதையும் தொட்டுப் பார்க்காமலே, "பேனல் போயிடுச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அது சரியென்று படவில்லை. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு மாடியேறி, குழாயைச் சுற்றியிருந்த வெப்பக்காப்பு உறையை மூன்று இடங்களில் கீறி விலக்கி, கையாலேயே தொட்டுப் பார்த்தேன். பேனலுக்குள் தண்ணீர் நுழையும் கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தது. வெளியேறும் மேல்குழாயில் கையை வைக்க முடியவில்லை. ஆனால் அதே மேல்குழாய் இரண்டு முழம் தள்ளி, தொட்டியை நெருங்கும் இடத்தில், நிழலில் கிடந்த இரும்பைப் போல இருந்தது. பேனல் கெட்டிருந்தால் மேல்குழாய் அப்படிக் கொதித்திருக்காது. சூடு உண்டாகிறது, தொட்டிக்குப் போய்ச் சேரவில்லை என்பது அந்த மூன்று தொடுதல்களிலேயே தெளிவாகிவிட்டது.

இந்த அமைப்பில் தண்ணீரை நகர்த்துவது எது என்று தெரிந்தால்தான் எது அதைத் தடுக்கும் என்பதும் புரியும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை சுமார் 996 கிராம். 60 டிகிரியில் சுமார் 983 கிராம். இந்த 13 கிராம் வேறுபாட்டினால்தான் சூடான நீர் மேலேறித் தொட்டிக்குள் போகிறது, குளிர்ந்த நீர் கனத்து இறங்கிப் பேனலின் அடிக்கு வருகிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு இதனால் கிடைக்கும் உந்துதல் 13 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம் மட்டுமே. மோட்டார் தள்ளுகிற குழாயில் ஒரு காற்றுக்குமிழி அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே அதே குமிழி வழியை முழுவதுமாக அடைத்து நின்றுவிடும். அதனால்தான் பேனலிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய் எந்த இடத்திலும் இறங்காமல், சீராக ஏறிக்கொண்டே போக வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்படிப் போகவில்லை. தளம் புதுப்பித்தபோது ஆள் நடக்க வழி வேண்டும் என்று அந்தக் குழாயை ஒரு சாண் உயர்த்தி மறுபடி இறக்கித் தொட்டியில் சேர்த்திருந்தார்கள். அந்த மேட்டில் காற்று எப்படி வந்தது என்பதையும் யோசித்துப் பார்த்தேன். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் தெருவில் மின்சாரம் நின்று, மோட்டார் போட முடியாமல் மேல்நிலைத் தொட்டி காலியாகிவிட்டது. சோலார் தொட்டிக்குத் தண்ணீர் தரும் குழாயும் வீட்டுக்குள் இறங்கும் குழாயும் ஒரே இடத்திலிருந்து பிரிகின்றன. நடுவில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லை. எனவே கீழே குழாயைத் திறந்தபோதெல்லாம் சோலார் தொட்டியிலிருந்த நீரும் பின்னோக்கி வடிந்திருக்கிறது. அதன் இடத்தில் காற்று புகுந்திருக்கிறது.

காற்றை வெளியேற்றுவதை விடியற்காலை ஆறு மணிக்குச் செய்தேன். காய்ந்த பேனலில் நடுப்பகலில் குளிர்ந்த நீரை விட்டால் கண்ணாடியும் பற்றவைத்த இணைப்புகளும் தாங்காமல் போகலாம். முதலில் தொட்டியின் மேலிருக்கும் காற்றுப்போக்கிக் குழாயைப் பார்த்தேன். அதன் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது, அதை எடுத்தேன். அந்த வாய் திறந்திருந்தால்தான் அடியிலிருந்து தண்ணீரைத் தள்ளலாம். அழுத்தம் தாங்கும் தொட்டி அல்ல இது. பிறகு பேனலின் கீழ்மூலையிலுள்ள வடிகுழாயில் ஹோஸைப் பொருத்தித் தண்ணீரை மேல்நோக்கி விட்டபோது, காற்றுப்போக்கியின் வழியாகக் காற்று விட்டுவிட்டுச் சீறி வெளியேறியது. அன்று மாலையே வெந்நீர் வந்தது.

இரண்டு வாரத்தில் மறுபடியும் நின்றுபோனது. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்றும் பிரிந்து வரும். மேடு இருக்கும்வரை அது அங்கேதான் சேரும் என்பதை நான் முதலிலேயே நினைத்திருக்க வேண்டும். பிளம்பரை அழைத்து, மேட்டை வெட்டியெடுத்து, குழாயை ஒரே சரிவாக ஏற்றிப் பொருத்தச் சொன்னேன். குளிர்நீர் வரும் வழியில் நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டோம்.

அதன் பிறகும் ஒரு பேனல் மட்டும் மந்தமாகவே இருந்தது. வடிகுழாயைத் திறந்தால் அடுத்த பேனலில் கொட்டுகிற வேகத்தில் பாதிகூட அதில் வரவில்லை. வந்த நீரில் வெள்ளைச் செதில்கள் இருந்தன. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரையாத சுண்ணாம்பாக மாறி மெல்லிய செப்புக் குழாய்களின் உட்சுவரில் படிகிறது. கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றிவிடலாம் என்று பிளம்பர் சொன்னபோது நான் உறுதியாக மறுத்துவிட்டேன். இணைப்புகளையும் அது அரித்துவிடும். பேனலைத் தனியே கழற்றி, துணி போர்த்தி, எலுமிச்சை உப்பு என்று கடைகளில் விற்கும் சிட்ரிக் அமிலத்தை 20 லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் கரைத்து நிரப்பினோம். நுரைத்துக்கொண்டே இருந்தது. நுரை அடங்கியதும் வடித்து, மறுபடி நிரப்பி, மூன்றாம் முறையில்தான் நீர் தெளிந்தது. பிறகு நல்ல தண்ணீரில் நெடுநேரம் அலசினோம்.

நேற்று மதியம் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன்: கீழ்க்குழாயில் 31, மேல்குழாயில் 46, தொட்டியை நெருங்கும் இடத்தில் 45 டிகிரி. அம்மா அண்டாவைப் பரணில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு பேனலின் வடிகுழாயிலும் சிறிதளவு செதில் வருகிறது; பொங்கல் முடிந்து வரும் ஞாயிறன்று அதையும் கழற்றுவதாக இருக்கிறேன்.